அலமாரிக்குள் வைத்த கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது?

மேசைக்கு அடியில் கதவு போட்ட தடுப்புக்குள் சிபியுவை வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஃபேன் இரைய ஆரம்பிக்கும், அப்புறம் வேகமும் குறையும். சூடு எல்லை தாண்டும்போது, சிபியு பெட்டிக்குள் கணக்கு வேலையெல்லாம் செய்யும் சிப்பான பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதைத்தான் த்ராட்டிலிங் என்கிறார்கள். பல பிராசஸர்களில் அந்த எல்லை 95 முதல் 100 டிகிரி செல்சியஸ்.

கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகவே வெளியேறுகிறது. 300 வாட் இழுத்தால், 300 வாட் ஹீட்டரை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய மாதிரி. ஃபேன் காற்றைக் குளிரவைக்காது, நகர்த்த மட்டுமே செய்யும். போக வழியில்லை என்றால், வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி உள்ளே இழுக்கும்.

சமையலறையில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுப் பாருங்கள். தாளித்த புகை அங்கேயே சுற்றும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்ததும் கிளம்பிவிடும். சிபியுவுக்கும் அதே கதைதான்: முன்பக்கம் காற்று நுழைய வேண்டும், பின்பக்கம் வெளியேற வேண்டும்.

அதனால் முதலில் தடுப்பின் பின்பலகையைக் கழற்றுங்கள். சுவருக்கும் சிபியுவுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பின்னால் தொங்கும் வயர்களைச் சேர்த்துக் கட்டி ஒரு ஓரமாக ஒதுக்குங்கள். மோடத்தை சிபியு தலையில் வைக்க வேண்டாம். யுபிஎஸ்ஸும் தள்ளியே இருக்கட்டும், சூட்டில் பேட்டரி சீக்கிரம் வீணாகும். முன்பக்க வலையில் கம்பளி போலப் படியும் தூசியை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள்.

ஏசி அறைதானே, சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். சாத்திய கதவுக்குள் அந்தக் குளிர்ந்த காற்று போவதே இல்லை.