இன்ட்ராநெட் தொடங்கியாயிற்று, இனி யார் பார்த்துக்கொள்வது?

கோவையில் ஆட்டோ உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயின்ட்டில் இன்ட்ராநெட் (நிறுவனத்துக்குள் மட்டும் பார்க்கும் இணையதளம்) தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. அலுவலகம், ஷாப் ஃப்ளோர் எல்லாம் சேர்த்து 600 பேர். முதல் இரண்டு வாரம் நல்ல கூட்டம். இப்போது எதற்கெடுத்தாலும் எனக்கு போன் வருகிறது, இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கிறார்கள். முகப்புப் பக்கத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று எம்.டி. கேட்கிறார். மாற்றலாமா?"

வேண்டாம். இப்போதைக்கு முகப்பைத் தொடாதீர்கள். உங்களுக்கு போன் வருகிறது என்றால் தகவல் தேவைப்படுகிறது என்றுதான் அர்த்தம். அது இன்ட்ராநெட்டில் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் போய்விட்டது. இரண்டு தடவை தேடிக் கிடைக்காமல் போனாலோ, கிடைத்தது பழசாக இருந்தாலோ, மூன்றாவது தடவை யாரும் வரமாட்டார்கள். முகப்பில் படத்தையும் நிறத்தையும் மாற்றி அந்த நம்பிக்கையை மீட்க முடியாது.

முதலில் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் இன்ட்ராநெட்டைத் தொடங்க ஒரு குழு போடுகிறார்கள். தொடங்கியதும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதன்பின் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் "அது எச்.ஆர்.", "அது ஐ.டி." என்பார்கள். துறைப் பெயர் மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்துக்கு ஆளே இல்லை என்றுதான் பொருள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்துச் சரிபார்க்க வேண்டிய தேதி, இந்த மூன்றும் இருக்கட்டும். அவர் வேலையை விட்டுப் போகும்போது லேப்டாப்பையும் ஐ.டி. கார்டையும் திருப்பி வாங்குவீர்கள் அல்லவா, அதே படிவத்தில் "இவர் பொறுப்பிலிருந்த பக்கங்கள் யாருக்கு?" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எல்லாப் பக்கத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால் எவரும் பார்க்கமாட்டார்கள். பக்கத்தைப் பொறுத்துத் தேதி வையுங்கள். விடுமுறைப் பட்டியலுக்கு டிசம்பர். வருமான வரிப் பக்கத்துக்கு ஏப்ரல் ஒருமுறை, ஜூன் தொடக்கத்தில் ஒருமுறை. சட்டம் மாறினால் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதன்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) தகுதி பெறுகிறார்கள். உங்கள் கிராஜுவிட்டி பக்கம் இன்னும் எல்லோருக்கும் ஐந்து ஆண்டு என்று சொல்கிறதா? இன்றே திறந்து பாருங்கள்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள்: பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் பக்கம். 2013 சட்டப்படி உறுப்பினர்களின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குள் இடமாற்றமும் ராஜினாமாவும் நடக்கும். யாரிடமும் சொல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒரு பெண், வேலையை விட்டுப் போய்விட்டவரின் எண்ணுக்கு போன் செய்தால் அவர் இன்னொரு முறை முயற்சி செய்வார் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஓர் இன்ட்ராநெட்டில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் சரிபார்க்க நேரம் என்றால் இதைத்தான் எடுப்பேன். குழு அமைத்த உத்தரவை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பதும் சட்டம். இன்ட்ராநெட்டில் போட்டுவிட்டோம் என்று சுவரில் இருப்பதை எடுத்துவிட வேண்டாம்.

அடுத்தது தேடல். உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். ஷேர்பாயின்ட்டில் தேடல் அறிக்கைகள் உண்டு: எந்தச் சொல்லை அதிகம் தேடினார்கள், எதற்கு முடிவே வரவில்லை, எதற்கு முடிவு வந்தும் யாரும் கிளிக் செய்யவில்லை என்று தனித்தனியாகக் காட்டும். அட்மினிடம் கேட்டு மாதாமாதம் எடுத்துக்கொள்ளுங்கள். 600 பேரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே எழுதிக்கொடுத்த பட்டியல் அது.

பட்டியலில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "லீவு", "பே ஸ்லிப்", "பி.எஃப்.", "கேன்டீன்", "பஸ் டைமிங்". உங்கள் ஃபைலின் பெயரோ "எம்ப்ளாயி ஆப்சென்ஸ் மேனேஜ்மென்ட் பாலிசி வி3 ஃபைனல்". லீவு என்று தேடினால் அது எப்படி மேலே வரும்? பக்கத்தின் தலைப்பை ஆட்கள் கேட்கும் விதத்திலேயே வையுங்கள்: "லீவு எப்படி எடுப்பது?" அப்புறம், மைக்ரோசாஃப்ட் தேடலில் புக்மார்க் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பக்கத்துக்குப் பல தேடல் சொற்களைக் கட்டிவைத்தால், எதைத் தட்டினாலும் அந்தப் பக்கம் முதலில் வந்து நிற்கும். தமிழில் எழுதுகிற சொல், ஆங்கில எழுத்தில் தட்டுகிற தமிழ், அடிக்கடி வரும் எழுத்துப்பிழை எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். அதிகம் தேடப்பட்ட இருபது சொற்களுக்குச் செய்தாலே வித்தியாசம் தெரியும். ஜூன் 15க்குள் ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழ்) கொடுத்தாக வேண்டும் என்பதால் அந்த மாதம் அதைத்தான் தேடுவார்கள். மே மாதமே புக்மார்க் தயாராக இருக்கட்டும்.

ஒரே பாலிசி நான்கு இடத்தில் நான்கு பிடிஎஃப்பாகக் கிடந்தால் தேடல் என்ன செய்யும்? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். பயப்பட வேண்டாம், அழித்தது 93 நாள் வரை ரீசைக்கிள் பின்னில் இருக்கும். இனி திருத்தம் வந்தால் "வி4" என்று புது ஃபைல் போடாமல், அதே பெயரில் அதே இடத்தில் ஏற்றுங்கள். லிங்க் மாறாது, பழைய பதிப்பும் வெர்ஷன் ஹிஸ்டரியில் பத்திரமாக இருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்போடு சண்டை போடாதீர்கள். தடை செய்தால் உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு குரூப் முளைக்கும். சர்குலரை பிடிஎஃப்பாக அனுப்புவதை மட்டும் நிறுத்தி, லிங்க்கை அனுப்புங்கள். யாராவது கேள்வி கேட்டாலும் அப்படியே. பதிலை ஒரு வரியில் சொல்லி, கீழே லிங்க் போடுங்கள்.

ஆனால் லிங்க்கைத் தட்டினால் லாகின் கேட்கும். ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்கு அக்கவுன்ட் இருக்கிறதா? இல்லையென்றால் அவர்கள் வராததற்குக் காரணம் அக்கறையின்மை இல்லை, கதவே திறக்கவில்லை. களப் பணியாளர்களுக்கென்று மைக்ரோசாஃப்ட்டில் எஃப்1, எஃப்3 என்று விலை குறைந்த லைசென்ஸ்கள் உண்டு. அதில் போனிலேயே பார்க்கலாம். எம்.டி. முகப்பை மாற்ற ஒதுக்கும் பணத்தை இதற்குக் கேளுங்கள். கேன்டீன் பக்கத்தில் பொதுக் கணினி வைப்பதானால், சும்மா கிடந்தால் தானாக லாக் அவுட் ஆகும்படி அமைப்பில் மாற்றச் சொல்லுங்கள். ஒருவர் திறந்த பே ஸ்லிப்பை அடுத்தவர் பார்க்கக் கூடாது.

பெர்மிஷன் விஷயமும் அப்படித்தான். தேடல் ஒருவருக்கு அனுமதி உள்ளதை மட்டுமே காட்டும். தொடங்கும் அவசரத்தில் யாரோ ஒரு ஃபோல்டரை "எவ்ரிஒன் எக்ஸப்ட் எக்ஸ்டர்னல் யூசர்ஸ்" (வெளியாட்கள் தவிர எல்லோரும்) என்று திறந்து வைத்திருந்தால், அதிலுள்ள சம்பளப் பட்டியலையும் எல்லோருக்கும் காட்டும். தேடலை மேம்படுத்தும் முன் இதைச் சரிபாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஏ.ஐ. உதவியாளரான கோபைலட் வாங்கும் யோசனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதுவும் இதே பெர்மிஷனை வைத்துத்தான் பதில் சொல்கிறது.

எம்.டி.யிடம் எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற கணக்கைக் காட்டாதீர்கள். இந்த வாரம் உங்களுக்கு வரும் போன்களை, எதற்காக வந்தன என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு வாரம் அதையே செய்யுங்கள். லீவுக்கான போன் குறைந்து, பஸ் நேரத்துக்கான போன் குறையவில்லை என்றால், அடுத்துச் சரிசெய்ய வேண்டியது பஸ் பக்கம். முகப்பைப் பற்றிய பேச்சை அப்போது எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. இன்ட்ராநெட்டின் அட்மின் உரிமை அமைத்துக்கொடுத்த வெண்டரிடமோ ஒரே ஒரு ஐ.டி. ஊழியரிடமோ மட்டும் இருந்தால், இந்த வாரமே உங்கள் நிறுவனத்தில் இன்னொருவரையும் அட்மினாகச் சேர்த்துவிடுங்கள்.