15, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வரலாறு படிக்க பி2 அளவு ஜெர்மன் போதுமா?

பி2 (ஜெர்மன் மொழித் தேர்ச்சியின் ஆறு நிலைகளில் நான்காவது) சான்றிதழோடு முதுகலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் அந்த பி2 எனக்குக் கருத்தரங்கில் வாய் திறக்கவும் கடையில் ரொட்டி வாங்கவும்தான் உதவியது. ஆவணக்காப்பகத்தில் முதல் கட்டைப் பிரித்த அன்று ஒரு வரிகூட ஓடவில்லை.

கையெழுத்துதான் முதல் சுவர். அந்தக் காலத்துக் கையெழுத்தில் 'இ'யும் (e) 'என்'னும் (n) இரட்டைப் பிள்ளைகள். 'யு'வை (u) அடையாளம் காட்ட அதன் தலையில் ஒரு கொக்கி இருக்கும், எழுத்தருக்கு அவசரம் என்றால் அதுவும் இருக்காது. எழுத்துக்கூட்டலுக்கும் விதி கிடையாது. இன்று மூன்றெழுத்தில் எழுதும் 'உண்ட்' (und, ‘மற்றும்’) என்ற சொல்லை 'வி'யில் (v) தொடங்கி, 'என்'னை இரட்டித்து எழுதுவார்கள். அதே ஆள் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

அதனால் அச்சில் தொடங்குங்கள். 1525இல் மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகள் நல்ல பாடம். சில தாள்கள்தான். எங்கள் பாதிரியாரை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்பது முதல் கோரிக்கை, பண்ணையடிமை முறை கூடாது என்பது மூன்றாவது. இன்றைய ஜெர்மன் வடிவமும் எளிதில் கிடைப்பதால் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம். கையெழுத்துக்கு பவேரிய அரசு ஆவணக்காப்பகங்களின் இணையப் பயிற்சி இருக்கிறது, இலவசம்.

இரண்டாவது சுவர் தேதி. இதைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை. ‘மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த வெள்ளி’ என்று எழுதியிருந்தால் நவம்பர் 11இலிருந்து நாமே எண்ணிக்கொள்ள வேண்டும். ஆக்ஸ்பர்க் பக்கம் செவ்வாய்க்கிழமையை 'ஆஃப்டர்மோன்டாக்' என்பார்கள், திங்களுக்குப் பின்வரும் நாள் என்று பொருள். இன்றைய ஜெர்மனில் 'ஆஃப்டர்' என்றால் ஆசனவாய். தெரியாமல் நான் சத்தமாக வாசித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் இருமுவது போல் நடித்தார்.

என் ஆய்வில் பெரிய அடி விழுந்ததும் தேதியில்தான். மியூனிக்கிலிருந்து மார்ச் 15 அன்று போன கடிதத்துக்கு நியூரம்பர்க்கில் மார்ச் 9 அன்று பதில் எழுதியிருந்தார்கள்! நடுவில் ஒரு கடிதம் தொலைந்துவிட்டது என்று நம்பி, அதைத் தேடி இரண்டு வாரம் வீணாக்கினேன். விஷயம் இதுதான்: போப் கிரகோரி 1582இல் கொண்டுவந்த நாட்காட்டியைக் கத்தோலிக்க மியூனிக் அடுத்த ஆண்டே ஏற்றது, புராட்டஸ்டன்ட் நியூரம்பர்க் 1700 வரை ஏற்கவில்லை. பத்து நாள் வித்தியாசம். இரண்டு மதத்தாரும் சேர்ந்து வாழ்ந்த ஆக்ஸ்பர்க்கில் இந்த நாட்காட்டிச் சண்டை 1584இல் தெருக்கலவரமாகவே வெடித்தது.

'ஜெர்மன் வரலாறு' என்று ஆய்வுத் தலைப்பு எழுதாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். அன்று இருந்தது புனித ரோமப் பேரரசு. அதற்குள் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு தேர்வாளர்கள், ஆயர்களின் நாடுகள், பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட நகரங்கள். ஊருக்கு ஊர் தானியப் படி வேறு, காசு வேறு. ஒரு நகரத்தையும் முப்பது நாற்பது ஆண்டுகளையும் பிடித்துக்கொண்டால் பிழைத்தீர்கள்.

தமிழர் என்றதும் உங்களை ஹாலே நகரத்துப் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே ஃபிராங்கே அறக்கட்டளையில் இருப்பது உண்மை, அருமையான சேகரம். பிடித்திருந்தால் போங்கள், ஆனால் அது 18ஆம் நூற்றாண்டு. நீங்கள் கேட்ட காலம் வேறு.

நீங்கள் கேட்காத ஒன்று: லத்தீன். வரலாற்று முதுகலைக்குப் பல பல்கலைக்கழகங்கள் அதில் தேர்ச்சி கேட்கும். விண்ணப்பிக்கும் முன் சேர்க்கை விதியில் அந்தப் பகுதியை முதலில் பாருங்கள். நான் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன்.