புகைப்படங்களைத் துணியில் அச்சிட்டு நினைவுப் போர்வை தைக்க முடியுமா? துவைத்தால் படம் அழிந்துவிடுமா?

அம்மாவுக்குப் பரிசாக, குடும்பப் படங்கள் நாற்பதை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் துணியில் அச்சிட்டுப் போர்வையாகத் தைக்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். சரியான மையும் துணியும் இருந்தால் துவைக்கவும் செய்யலாம். ஆனால் நாற்பது படம் வேண்டாம். பன்னிரண்டு போதும்.

படம் அச்சிட்ட துணி சாதாரணப் பருத்தியைவிடச் சற்று விறைப்பாக இருக்கும். போர்வை முழுக்க அதையே நிரப்பினால் உடம்போடு படியாது. சுவரில் மாட்டத்தான் உதவும். இன்னொன்று, பக்கம் பக்கமாக முகங்களை அடுக்கினால் கண் எதிலும் நிற்காது. நான்கு கட்டத்துக்கு ஒரு படம், மற்றவை வெறும் துணி என்று வைத்துப் பாருங்கள். அந்த வெறும் துணி படத்தில் இருப்பவரின் பழைய சட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. என் கணிப்பில், நினைவுப் போர்வையில் கை முதலில் தேடிப் போவது படத்தை அல்ல, அந்தச் சட்டைத் துணியைத்தான். பனியன் துணி இழுபடும்; அதன் பின்புறம் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.

இனி அச்சுக்கு வருவோம். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் டிரான்ஸ்ஃபர் தாளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது துணியின் மேல் ஒரு பிளாஸ்டிக் படலமாக உட்கார்ந்துகொள்ளும். நாளடைவில் வெடிக்கும், மேலே நேரடியாக இஸ்திரியும் போட முடியாது. கோப்பைகளில் படம் பதிக்கும் சப்ளிமேஷன் முறை பாலியெஸ்டருக்கு உரியது. பருத்தியில் அந்த மை பிடிக்காது. உங்களுக்கு ஏற்றது, மை பிடிப்பதற்கான பூச்சுக் கொடுத்து, பின்னால் தாள் ஒட்டி, ஏ4 அளவில் விற்கும் பருத்தித் துணித் தாள்கள். அவற்றை அப்படியே பிரிண்டரில் செலுத்தலாம். விளிம்பில் ஒரு நூல் தொங்கினாலும் கத்தரித்துவிடுங்கள். அச்சுமுனையில் சிக்கினால் படம் முழுவதும் இழுபட்டுப்போகும். ஒருபக்கம் பிளாஸ்டிக் பூசிய ஃப்ரீசர் தாளைச் சாதாரணத் துணியின் பின்னால் ஒட்டி அச்சிடுவோரும் உண்டு. அதை லேசர் பிரிண்டரில் மட்டும் செலுத்திவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் அந்தப் பூச்சு உருகிவிடும்.

துவைத்தால் போகுமா என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் மையில் இருக்கிறது. இங்க்ஜெட் மையில் சாய மை, நிறமி மை என இரண்டு வகை. சாய மை தண்ணீரில் கரைவது. துணியின் பூச்சு அதைப் பிடித்துவைத்தால்தான் உண்டு. நிறமி மையில் நிறம் நுண்துகள்களாக இருப்பதால் தண்ணீரையும் வெயிலையும் அதைவிட நன்றாகத் தாங்கும். பல பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் நிறமி மையாகவும் மற்ற வண்ணங்கள் சாய மையாகவும் இருக்கும். மைக் குப்பியின் உறையிலோ கையேட்டிலோ பார்த்தால் தெரிந்துவிடும்.

படங்களைத் தயார் செய்வதில்தான் பொறுமை வேண்டும். துணி, தாளைப் போல் பளிச்சென்று காட்டாது. திரையில் சற்று மிகையாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தையும் நிற அழுத்தத்தையும் கூட்டினால்தான் துணியில் சரியாக விழும். இருண்ட படங்களை ஒதுக்கிவிடுங்கள், எவ்வளவு பிரியமான படமாக இருந்தாலும். துணியின் இழைகளில் மை சற்றுப் பரவுவதால் அங்குலத்துக்கு 200 பிக்சல் போதும், 15 செ.மீ. அகலப் படத்துக்கு ஏறத்தாழ 1200 பிக்சல். கைப்பேசிச் செயலிகள் வழியாக வந்த படங்கள் சுருக்கப்பட்டிருக்கும், எடுத்தவரிடமே அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். 6 செ.மீ. அகலமுள்ள பழைய சிறு படத்தை 15 செ.மீ. அளவுக்குப் பெரிதாக்க வேண்டுமென்றால் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுணுக்கத்தில், ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் வண்ண மைகள் கலப்பதால் பச்சையாகவோ ஊதாவாகவோ சாயக்கூடும். எல்லாவற்றுக்கும் மெல்லிய பழுப்பு நிறம் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். வெவ்வேறு காலத்துப் படங்கள் ஒரே தொகுப்பாகவும் தோன்றும்.

கறுப்பு வெள்ளைப் படங்களே அதிகம் என்றால் துணியைப் பிரிண்டரில் செலுத்தாத ஒரு வழியும் உண்டு: சயனோடைப். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. இரும்பு உப்புக் கரைசல் பூசிய துணிமேல் படத்தின் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் ஆழ்ந்த நீலத்தில் படம் நிற்கும். துணியும் விறைக்காது. ஆனால் காரத்தன்மையுள்ள சோப்பு அந்த நீலத்தை வெளுத்துவிடும். அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

படத்தைச் சுற்றி 2 செ.மீ. வெள்ளை விட்டு அச்சிடுங்கள். தையலுக்குள் போவது 6 மி.மீ.தான் என்றாலும், அந்த இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் நிற்பவரின் தோள் தையலுக்குள் போய்விடும். மை நன்றாகக் காய்ந்ததும் பின்தாளை உரித்து, குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் விரித்து உலர்த்துங்கள். துணி சற்றுச் சுருங்கும் என்பதால் அதன் பிறகே அளவெடுத்து வெட்ட வேண்டும்.

பூச்சுள்ள துணியில் ஊசித்துளை மறையாது. எனவே மெல்லிய கூர் ஊசி, 70 அல்லது 75 எண், போதும். குண்டூசிக்குப் பதில் கிளிப். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது முகத்தின் மேல் தையல் ஓட்டாதீர்கள். படத்தின் ஓரத்தைச் சுற்றியும் உருவங்களின் விளிம்பை ஒட்டியும் ஓட்டினால் போதும். நடுப்பஞ்சை எவ்வளவு இடைவெளிக்குள் தைக்க வேண்டும் என்பது அதன் உறையிலேயே இருக்கும். அதற்கேற்பப் படத்தின் அளவை முன்பே தீர்மானியுங்கள்.

துவைப்பது குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில், நிழலில் உலர்த்தி. வெளுப்பான் கூடவே கூடாது.

பன்னிரண்டையும் அச்சிடும் முன் ஒரே ஒரு தாளில் ஒரு படத்தை அச்சிட்டு, இரண்டாக வெட்டி, ஒரு பாதியை இரண்டு மூன்று முறை துவைத்துப் பாருங்கள். மறு பாதியைக் கைபடாமல் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் உங்கள் பிரிண்டரை விட்டுவிட்டு, நிறமி மையில் துணி அச்சிடும் இடத்தில் கொடுத்து வாங்குவதே மேல்.