குளிருக்கு முன் பூச்செடிகளைக் காப்பது: வாசகர் கேள்வி – பதில்

கோடையில் தங்கள் வீட்டு முற்றத்தில் பூத்தவற்றைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ரொறன்ரோவிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் மொன்றியலிலிருந்தும் வந்த கடிதங்களில் மல்லிகையும் செவ்வரத்தையும் டேலியாவும் நிறைந்திருந்தன; ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் "இனி இவற்றை என்ன செய்வது?" என்ற கேள்வியோடுதான் முடிந்திருந்தன. செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் செய்ய வேண்டியவை பல இருப்பதால், இம்முறை குளிர்காலப் பராமரிப்புக் கேள்விகளுக்கே பக்கம் முழுவதையும் ஒதுக்கியுள்ளோம்.

குண்டுமல்லிச் செடியொன்றைச் சாடியில் வளர்க்கிறேன். கோடை முழுவதும் நன்றாகப் பூத்தது. ஒவ்வொரு ஆண்டும் அதை ஒக்டோபரில் உள்ளே எடுக்கிறேன். கிறிஸ்மஸுக்குள் இலைகள் காய்ந்து உதிர்ந்து, மாசியில் செடியே பட்டுப்போகிறது. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, ஸ்காபரோ

உங்கள் கடிதத்தில் நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவதாகவும், இலை உதிரத் தொடங்கியதும் உரம் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செடியைக் கொன்றது பெரும்பாலும் குளிராக இராது. அந்தத் தண்ணீரும் உரமுமாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்திலும் பகல் பொழுது ஏறத்தாழ 11½ மணி நேரம் நீடிக்கிறது; ரொறன்ரோவில் அதே நாட்களில் அது 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் மேகம் மூடிய வெளிச்சம். இவ்வளவு குறைந்த ஒளியில் மல்லிகையால் வளர முடியாது. வளராத செடி நீரை உறிஞ்சாது. உறிஞ்சப்படாத நீர் சாடியில் தேங்கி வேரை அழுகச் செய்யும். வேர் அழுகிய செடியின் இலைகள் தண்ணீர் இல்லாத செடியின் இலைகளைப் போலவே வாடுவதால், பார்ப்பவர் மேலும் தண்ணீர் ஊற்றுகிறார். குளிர்காலத்தில் இறந்துபோகும் மல்லிகைகளில் பலவற்றின் கதை இதுதான்.

ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம். இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகத் தொடங்கும் முன்பே, வீட்டில் வெப்பமூட்டி இயங்கத் தொடங்காத நாட்களிலேயே செடியை உள்ளே எடுத்துவிடுங்கள். அப்போது வெளிக்காற்றுக்கும் உட்காற்றுக்கும் பெரிய வேறுபாடு இராது, செடியும் அதிர்ச்சியின்றிப் பழகிக்கொள்ளும். வீட்டில் அதிக வெயில் விழும் தெற்கு யன்னலை அதற்குக் கொடுங்கள். தெற்கு யன்னல் இல்லாதவர்கள் செடிக்கு மேலே 15 முதல் 30 சென்றிமீற்றர் உயரத்தில் எல்ஈடி விளக்கொன்றைத் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். தண்ணீர் ஊற்றுவதற்குக் கிழமைக் கணக்கு வைத்துக்கொள்ளாமல் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு நுழைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. சாடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்து அதன் பாரத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டால் விரல்கூடத் தேவைப்படாது. ஊற்றும்போது வெதுவெதுப்பான நீரை அடியிலிருந்து வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை உரம் வேண்டாம்.

கத்தரிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழகத்தில் மல்லிகைத் தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியில் கவாத்துச் செய்வார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த வழக்கத்தை நம்பி இங்கேயும் நவம்பரில் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வெட்டியபின் சில கிழமைகளில் நாள் நீளத் தொடங்கி, வெயிலும் ஏறிக்கொண்டு போகும். இங்கே நவம்பரில் வெட்டினால் வருவது ஒளிக்கு ஏங்கி நீண்டு மெலிந்த வெளிறிய தளிர்தான். பெப்ரவரி முடிவில் அல்லது மார்ச்சில், நாள் நீளத் தொடங்கிய பிறகு, செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மல்லிகை புதுத் தளிரின் நுனியிலேயே மொட்டு வைக்கும் ஆகையால், இந்த ஒரு வெட்டுத்தான் உங்கள் அடுத்த கோடைப் பூவைத் தீர்மானிக்கிறது.

உள்ளே எடுக்கும் செடிகளோடு பூச்சிகளும் வந்துவிடுகின்றன. நான் செய்வதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: சாடியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, செடியைக் குளியல் தொட்டியில் சாய்த்து வைத்து, இலைகளின் அடிப்புறத்தைக் கைத்தூவியால் நன்றாகக் கழுவுவேன்.
– வாசகர், ஏஜக்ஸ்

மிகப் பயனுள்ள முறை. எல்லோரும் பின்பற்ற வேண்டுகிறோம். பையைக் கட்டுவதால் மண் கரைந்து குழாயை அடைப்பதில்லை, சாடியும் தேவைக்கு மேல் நனைவதில்லை. ஒருமுறை கழுவினால் முட்டைகள் எஞ்சிவிடும் என்பதால், ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை கழுவுவது நல்லது. இலையின் மேற்புறத்தில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகளும், அடிப்புறத்தில் நுண்ணிய வலையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். வெப்பமூட்டியால் உலர்ந்துபோன காற்றில் அது மிக விரைவாகப் பெருகும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் முதல் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காகப் பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்துவது பெரும்பாலும் தடைசெய்யப்பட்டுள்ளது. கடைகளில் கிடைக்கும் பூச்சிக்கொல்லிச் சவர்க்காரக் கரைசல் அனுமதிக்கப்பட்டதே. அதை அடிப்புறம் நனையும்படி தெளித்தால் சிலந்திப்பேன், அசுவினி, வெள்ளை ஈ மூன்றுமே கட்டுப்படும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்துத் தெளிக்க வேண்டாம், இலை கருகிவிடும்.

செவ்வரத்தைச் செடியை உள்ளே எடுத்த பத்தாம் நாளே இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. ஆனால் எங்கள் அயலவர் வீட்டில் ஒரு செவ்வரத்தை பனியிலேயே நின்று ஆண்டுதோறும் பூக்கிறது. இது எப்படி?
– வாசகி, மார்க்கம்

தமிழகத்தார் செம்பருத்தி என்று அழைக்கும் நம்மூர்ச் செவ்வரத்தை வெப்பமண்டலச் செடி. உறைபனி ஓர் இரவு பட்டாலும் தாங்காது. உங்கள் அயலவர் வீட்டில் நிற்பது அதன் உறவான வேறோர் இனமாக இருக்க வேண்டும். மரம்போல் வளர்ந்து, கோடை நடுவிலிருந்து ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் பூப்பதாயின் அது ரோஸ் ஒஃப் ஷரோன். தென்கொரியாவின் தேசிய மலரும் இதுவே. உணவுத் தட்டளவு அகன்ற பூக்களைப் பூத்து, குளிர்காலத்தில் தரை மட்டத்துக்குக் கருகிவிடுவதாயின் அது வட அமெரிக்காவின் கிழக்குச் சதுப்பு நிலங்களுக்கு உரிய இனம். பின்னதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது ஜூன் தொடக்கம் வரைகூடத் தலைகாட்டாமல் இருக்கும், செத்துவிட்டதென எண்ணித் தோண்டிவிடாதீர்கள்.

உங்கள் செடியின் இலை உதிர்வைக் கண்டு அஞ்ச வேண்டாம். வெளியில் முழு வெயிலில் விரிந்த இலைகள் உள்ளிருக்கும் மங்கிய ஒளிக்குப் பயன்படாததால் செடி அவற்றைக் கழித்துவிட்டு, குறைந்த ஒளிக்கேற்ற புதிய இலைகளை விடுகிறது. தண்டு பச்சையாக இருக்கும்வரை செடி உயிருடன் இருக்கிறது. நகத்தால் பட்டையைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இலை குறைந்த அளவுக்குத் தண்ணீரையும் குறைத்துவிடுங்கள்.

முதன்முறையாக டேலியா வளர்த்தேன். இவ்வளவு அழகான பூவை நான் இதுவரை வளர்த்ததில்லை. கிழங்கைத் தோண்டி வைக்க வேண்டும் என்கிறார்கள். எப்போது, எப்படி?
– வாசகர், பிரம்ரன்

டேலியா மெக்சிகோவின் மேட்டுநிலங்களிலிருந்து வந்த செடி. 1963இல் அந்நாடு அதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. மழைக்காலத்தில் தழைத்துப் பூத்து, மழையற்ற குளிர்காலத்தைக் கிழங்காக மண்ணுக்குள் உறங்கிக் கழிப்பது அதன் இயல்பு. ஆகவே உலர்ந்த, குளிர்ந்த, ஆனால் உறையாத ஓர் இடத்தை அதற்கு அமைத்துக் கொடுப்பதே நம் வேலை.

முதல் கடும் உறைபனியில் இலைகள் கறுத்துத் தொங்கும். அதைக் கண்டு பதறித் தோண்ட வேண்டியதில்லை. மண் உறையாதவரை ஒரு கிழமை அளவில் விட்டுவைத்தால் கிழங்கின் தோல் முற்றும். பிறகு தண்டை ஒரு சாண் அளவு விட்டு வெட்டி, தண்டிலிருந்து ஓரடி தள்ளி முள்ளு மண்வெட்டியைச் சுற்றிலும் இறக்கி, மண்ணோடு சேர்த்து நெம்பித் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். டேலியாக் கிழங்கின் முளைக்கண்கள் உருளைக்கிழங்கைப் போல் உடல் முழுவதும் பரவியிருப்பதில்லை. தண்டும் கிழங்கும் சேரும் தலைப்பகுதியில் மட்டுமே இருக்கின்றன. தலைப்பகுதி இல்லாமல் கழுத்தொடிந்த கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது.

மண்ணை உதிர்த்தபின், குழாய்போல் உள்ளீடற்ற தண்டில் தேங்கிய நீர் வடியும்படி கிழங்குக் கொத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, நிழலில் ஓரிரு நாள் உலர விடுங்கள். அட்டைப்பெட்டியில் மரச்சீவலோ உலர்ந்த கரிப்பாசியோ (பீற் மொஸ்) பரப்பி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி மூடுங்கள். நிறத்தையும் பெயரையும் அன்றைக்கே எழுதிக் கட்டிவிடுங்கள், வசந்தத்தில் எல்லாக் கிழங்குகளும் ஒன்றுபோலவே தெரியும்.

பலர் சறுக்குவது இடத்தேர்வில்தான். கிழங்குக்கு 4 முதல் 10 பாகை வரை வேண்டும். வெப்பமூட்டி இருக்கும் நிலவறை அறையில் வைத்தால் வற்றிச் சுருங்கும். வெப்பமில்லாத கராஜில் வைத்தால் ஜனவரியில் உறைந்து கூழாகும். நிலவறையில் வெளிச்சுவரோடு ஒட்டிய மூலையோ, படிக்கட்டுக்குக் கீழுள்ள குளிர் அறையோ பெரும்பாலும் பொருந்தும். ஒரு சிறு வெப்பமானியை இரண்டு நாள் வைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, அழுகியதை வெட்டி எறிந்து, சுருங்கியதன்மேல் சிறிது நீர் தெளித்தால் போதும். கல்வாழைக் கிழங்கையும் இப்படியே வைக்கலாம். மே மாதம் விக்டோரியா தின விடுமுறையை ஒட்டி மீண்டும் நிலத்தில் நடலாம்.

எங்களுக்கு நிலவறை கிடையாது, அடுக்குமாடிக் குடியிருப்பு. பல்கனியில் இருக்கும் ஜெரேனியத்தைக் காக்க வழி உண்டா?
– வாசகி, மொன்றியல்

ஜெரேனியம் தென்னாபிரிக்காவைச் சேர்ந்தது. தன் தடித்த தண்டில் நீரைச் சேமித்துக்கொள்ளும். வேரோடு பிடுங்கிக் காகிதப் பையில் தொங்கவிடும் பழைய முறை அதனால்தான் சாத்தியமாயிற்று. ஆனால் அதற்கும் குளிர்ந்த அறை வேண்டும். 22 பாகை வெப்பமுள்ள குடியிருப்பில் செடி காய்ந்துவிடும். நீங்கள் இப்போதே நுனித்தண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளையும் மொட்டுகளையும் அகற்றி, வெட்டுவாய் உலரும்படி ஒரு நாள் வைத்திருந்து, நீர் தேங்காத மண் கலவையில் நடுங்கள். மற்றச் செடிகளின் துண்டுகளைப் போல இவற்றைப் பிளாஸ்டிக்கால் மூட வேண்டாம், தண்டு கறுத்து அழுகும். யன்னல் விளிம்பில் சிறு சாடிகள் நான்கு வைக்க இடமிருந்தால் அடுத்த கோடைக்கு உங்கள் பல்கனிக்குப் போதும்.

ரோஜாவைச் சாக்கால் சுற்ற வேண்டுமா?
– வாசகர், மிசிசாகா

ஒட்டுக்கட்டிய ரோஜாவானால் சாக்கைவிட மண் முக்கியம். நவம்பரில் சில கடும் பனிகள் விழுந்தபின், வேறிடத்து மண்ணையோ கம்போஸ்டையோ கொண்டுவந்து செடியின் அடியில் 20 முதல் 30 சென்றிமீற்றர் உயரத்துக்குக் குவியுங்கள். உறைவதும் உருகுவதும் மாறி மாறி வருவதே ஒட்டுப்பகுதியைப் பிளக்கிறது. மண்குவியல் அந்த ஏற்ற இறக்கத்தைத் தடுக்கிறது. இலையுதிர்காலத்தில் கடுமையாகக் கத்தரிக்க வேண்டாம். புதிதாக வாங்குவதானால், கனடிய வேளாண் துறை உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசை ரோஜாக்களைத் தேடிப் பாருங்கள். ஜோன் கபொட், வில்லியம் பஃபின் போன்றவை சொந்த வேரிலேயே வளர்பவை, இந்தக் குளிருக்கென்றே தெரிவுசெய்யப்பட்டவை.

துலுக்கச் சாமந்தியையும் நித்தியகல்யாணியையும் உள்ளே எடுக்கலாமா?
– வாசகி, பிக்கரிங்

துலுக்கச் சாமந்தி ஒரு பருவத்தோடு தன் வாழ்வை முடித்துக்கொள்ளும் செடி. அதன் இடத்தை மல்லிகைக்குக் கொடுத்துவிட்டு விதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிலும் காய்ந்து பழுப்பான பூவைக் கசக்கினால் ஒரு முனை கறுத்தும் மறுமுனை வெளுத்தும் ஊசிபோன்ற விதைகள் உதிரும்; காகித உறையில் இட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். கலப்பின வகையானால் அடுத்த ஆண்டு அதே பூ வராது. நித்தியகல்யாணியை உள்ளே வளர்க்க முடியுமென்றாலும், விதையிலிருந்து புதிதாக எழுப்புவதே எளிது. அது மெல்ல வளர்வதால் பெப்ரவரி முடிவிலேயே விதைக்க வேண்டும். இருட்டில் நன்றாக முளைக்கும் ஆகையால் முளை தெரியும்வரை தட்டை மூடி வையுங்கள்.

ஜனவரியில் ஊருக்குப் போகிறேன். அம்மாவின் முற்றத்து மல்லிகையில் ஒரு பதியனைக் கொண்டுவர ஆசை. பயணப்பொதியில் வைத்துக் கொண்டுவரலாமா?
– வாசகி, ஸ்காபரோ

உங்கள் ஆசை எங்களுக்கும் விளங்குகிறது. ஆயினும் அப்படிக் கொண்டுவராதீர்கள். உயிருள்ள செடியைக் கனடாவுக்குக் கொண்டுவர, கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அங்கிருந்து மண் கொண்டுவர அனுமதி இல்லை. வேரிலும் மண்ணிலும் மறைந்துவரும் புழுவும் நோயும் இங்குள்ள பண்ணைகளுக்குப் பெருங்கேடு விளைவிக்கக்கூடும். பிடிபட்டால் செடியும் போய்விடும், அபராதமும் வரலாம். மே மாதத்தில் நம்மவர் கடைகள் சிலவற்றில் மல்லிகைக் கன்றுகள் விற்பனைக்கு வருகின்றன. மல்லிகை வைத்திருக்கும் நண்பர் எவரேனும் மார்ச்சில் கத்தரிக்கும்போது சொல்லி வையுங்கள். அவர் வெட்டி எறியும் தண்டில் பென்சில் அளவு துண்டொன்றை ஈரமான கலவையில் நட்டு, பிளாஸ்டிக்கால் மூடி, இளஞ்சூடான இடத்தில் வைத்தால் நான்கு முதல் ஆறு கிழமைக்குள் வேர்விடும்.