ஸ்கீமா பெயரை எங்கே எழுதுவது, எங்கே விடுவது?

கேள்வி: எங்கள் குழுவுக்காகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான கட்டளைக் கையேடு ஒன்றைத் தயாரிக்கிறேன். எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் ஸ்கீமா (டேபிள் முதலியவற்றைத் தொகுத்து வைக்கும் பிரிவு) பெயரைச் சேர்க்க வேண்டும் என்று விதி எழுதினேன். இண்டெக்ஸை (டேபிளில் தேடலை விரைவாக்கும் அமைப்பு) உருவாக்கும் கிரியேட் இண்டெக்ஸ் கட்டளையில் அது பிழை காட்டுகிறது. விதியையே நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம், ‘எல்லாப் பெயர்களுக்கும்’ என்பதை மட்டும் திருத்துங்கள். டேபிள், வியூ, ஃபங்ஷன் ஆகியவற்றை எங்கு குறிப்பிட்டாலும், பெயர் மாற்றும்போது தரும் புதிய பெயரைத் தவிர, ஸ்கீமா பெயர், புள்ளி, பிறகு பெயர் என்றே எழுதச் சொல்லுங்கள்.

இண்டெக்ஸ் விஷயம் வேறு. அது தன் டேபிள் இருக்கும் ஸ்கீமாவிலேயே உருவாகும் என்பதால், உருவாக்கும்போது அதன் பெயருக்கு முன்னால் ஸ்கீமாவைக் குறிப்பிட இலக்கணத்தில் இடமே இல்லை. ‘ஆன்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் டேபிள் பெயரில்தான் அதைச் சேர்க்க வேண்டும். இண்டெக்ஸை நீக்கும் டிராப் இண்டெக்ஸில் டேபிள் பெயரே வராது. அங்கே ஸ்கீமாவை விட்டுவிட்டால், சர்ச் பாத் (ஸ்கீமா குறிப்பிடாத பெயரை சர்வர் தேடும் ஸ்கீமாக்களின் பட்டியல்) வரிசையில் அதே பெயருடன் முதலில் அகப்படும் இண்டெக்ஸ் நீங்கிவிடும். அது நீங்கள் நினைத்ததாக இல்லாமலும் போகலாம். ஆல்டர் இண்டெக்ஸ் கொண்டு பெயர் மாற்றும்போதோ பழைய பெயருக்கு ஸ்கீமா உண்டு, புதிய பெயருக்குக் கிடையாது. இந்த மூன்று கட்டளைகளுக்கும் அதிகாரபூர்வ ஆவணத்தின் தொடரமைப்புப் பகுதி ‘நேம்’, ‘நியூ நேம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறுபாட்டைக் கீழே அளவுருக்களின் விளக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இதை இப்படியே வைத்திருப்பது எனக்குப் புரியவில்லை. உங்கள் கையேட்டிலாவது ‘ஸ்கீமாவுடன் பெயர்’, ‘வெறும் பெயர்’ என்று தொடரமைப்பிலேயே பிரித்துக் காட்டுங்கள்.

இரட்டை மேற்கோளிலும் கவனம் தேவை. ஸ்கீமாவையும் டேபிளையும் ஒரே ஜோடி மேற்கோளுக்குள் அடைத்தால், நடுவில் புள்ளி உள்ள ஒற்றைப் பெயராகவே சர்வர் அதை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனி மேற்கோள் வேண்டும்.

‘சர்ச் பாத்தை அமைத்துத் தருகிறேன், ஸ்கீமா பெயரே எழுத வேண்டாம்’ என்று கட்டணம் கேட்டு வரும் ஒப்பந்த ஆலோசகர்களை நம்பாதீர்கள். 2018 முதல் பிஜி டம்ப் என்ற காப்பு நிரல் எடுக்கும் காப்புக் கோப்பு, தொடக்கத்திலேயே சர்ச் பாத்தைக் காலியாக்கிவிடுகிறது. செக் கட்டுப்பாடு (டேபிளில் சேரும் தரவைச் சோதிக்கும் நிபந்தனை) ஒன்று அழைக்கும் ஃபங்ஷனுக்குள் ஸ்கீமா இல்லாத டேபிள் பெயர் இருந்தால், தினசரி வேலையில் குறை எதுவும் தெரியாது. காப்பை மீட்டெடுக்கும் அன்றுதான் அப்படி ஒரு டேபிளே இல்லை என்று பிழை வரும். அன்று அந்த ஆலோசகர் தொலைபேசியை எடுக்க மாட்டார். ஆகவே ஃபங்ஷனுக்குள் வரும் பெயர்களுக்கும் உங்கள் விதி பொருந்தும் என்பதைக் கையேட்டில் தனி வரியாகவே எழுதுங்கள்.