தேரைக்குள்ள இருக்கற புழுவுக்குப் புதுப் பேர் வைக்கிறதுக்கெல்லாம் பிஎச்டியா, யாருக்கு என்ன லாபம்?

இதே கேள்விய எங்க சித்தப்பா ஒரு கல்யாண வீட்டுல அத்தனை பேர் முன்னாடி என்கிட்ட கேட்டாரு, அதனாலதான் எழுதறேன். நீங்க அநேகமா எம்எஸ்சி முடிச்சிட்டு, கைடு இந்த டாபிக்கைக் குடுத்துட்டாரேன்னு முழிச்சிட்டு இருப்பீங்க.

லாபம்னா ஆஸ்திரேலியாவைப் பாருங்க. 1935ல கரும்பு வண்டை ஒழிக்கறதுக்குன்னு மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தேரையை ஹவாய்லேருந்து கொண்டு வந்து விட்டாங்க, அது கண்டபடி பரவிடுச்சு. அதோட நுரையீரல்ல ராப்டியாஸ்னு ஒரு புழு. உள்ளூர் தவளைகிட்டேருந்துதான் தொத்தியிருக்கும்னு நெனச்சிட்டு இருந்தாங்க. 2007ல மத்திய அமெரிக்காவுல அதே தேரையோட புழுவைத் தனி இனம்னு விவரிச்சு பேர் வச்சாங்க, அடுத்த வருஷமே டிஎன்ஏ ஒப்பிட்டுப் பாத்தா ஆஸ்திரேலியாவுல இருக்கறதும் அதேதான், தேரையோடவே வந்திருக்கு. இந்தப் புழுவை வச்சே தேரையைக் கட்டுப்படுத்தலாமா, உள்ளூர் தவளைக்கு ஆபத்தான்னு யோசிக்கவே மொதல்ல அது யாருன்னு தெரியணும்ல?

நான் வேலை பாத்தது வால்பாறை பக்கம். மழைக்காலத்துல எஸ்டேட் ரோட்டுல வண்டியில அடிபட்டுச் செத்த தேரைகளைத்தான், அதுவும் பர்மிஷன் வாங்கித்தான் எடுத்தேன், அதனால உயிரைக் கொன்னு பட்டம் வாங்கினியான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

நுரையீரலை உப்புத்தண்ணியில போட்டு ஊசியால லேசா கிழிச்சா உள்ளேருந்து ஒரு புழு நெளிஞ்சு வரும், உடம்பு நெடுக கருப்பா ஒரு கோடு, அது குடிச்ச ரத்தம். சூடான 70 சதவீத ஆல்கஹாலை ஊத்தினா நேரா நீண்டு செத்துடும், சுருண்டுச்சுன்னா அளக்கறது பெரும்பாடு. இதுவரைக்கும் யார் வேணா செய்யலாம். புதுசுன்னு நிரூபிக்கறதுதான் உசுரை வாங்கும். மத்த உருளைப்புழுன்னா ஆண் புழு இணை சேர வச்சிருக்கற முள்ளைப் பாத்தே பெரும்பாலும் பிரிச்சிடலாம், இதுல நுரையீரல்ல இருக்கறது எல்லாமே இருபாலி, ஒரே உடம்புல ஆணும் பெண்ணும், தனியா ஆணே கிடையாது. ஆண் பெண் தனித்தனியா இருக்கறது மண்ணுல வாழற தலைமுறையிலதான், அங்க குஞ்சுங்க தாயை உள்ளேருந்தே தின்னுட்டு வெளிய வந்து தேரையோட தோலைத் துளைச்சிட்டு உள்ள போகும். அதனால வாயைச் சுத்தி உதடு எப்படி இருக்கு, வாய்க்குழி எத்தனை மைக்ரான் அகலம், வால் எப்படி முடியுதுன்னு ஒவ்வொண்ணா அளந்து, வரைஞ்சு, ஏற்கெனவே பேர் வச்ச எல்லாத்தோடவும் ஒப்பிடணும். அதுக்கு மூல மாதிரி ஸ்லைடு வேணும், அதாவது மொதல்ல பேர் வச்சவங்க பாத்து எடுத்து வச்ச அசல் புழு. ஒரு நிறுவனத்துக்கு மெயில் மேல மெயில் போட்டேன், கடைசி வரைக்கும் பதிலே இல்ல, பழைய படத்தையும் அளவையும் வச்சேதான் முடிச்சேன். பேப்பர் வந்துடுச்சு. புழு பேரைச் சொன்னா நான் யாருன்னு தெரிஞ்சிடும், விடுங்க.

ஆனா இதைவிட நான் அழுதது வேற விஷயத்துக்கு. தேரை வெளிய வர்றதே ராத்திரியிலதான். நான் போகணும்னா அப்பா கையெழுத்து, கைடு கையெழுத்து, வார்டன் கையெழுத்து. கூடப் படிச்ச பசங்க பைக் எடுத்துட்டுப் போய்ட்டே இருப்பாங்க, எங்க போறன்னு கேக்க ஆளில்ல. இன்னைக்கும் என் ஸ்டூடண்ட் பொண்ணுங்களுக்கு அதே கதைதான், நானே அவங்க கூட போறேன்.

டாபிக்கை எடுத்துக்கோங்க. கிடைச்ச புழு எல்லாத்தையும் ஃபார்மலின்ல போட்டுடாதீங்க, டிஎன்ஏ கெட்டுடும். அதே தேரையோட புழு ரெண்டு மூணை 95 சதவீத எத்தனால்ல தனியா போட்டு ஃப்ரீசர்ல வைங்க, லேபிளைப் பென்சில்ல எழுதுங்க, பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சிடும்.