கணக்குப் பகுதியிலிருந்து மென்பொருளுக்கு: எந்த மொழியில் தொடங்குவது?

அன்புள்ள தம்பி,

புறக்கோட்டையில் மொத்த விற்பனை நிலையமொன்றில் 7 ஆண்டுகள் கணக்கு இலிகிதராக இருந்துவிட்டு, 31 வயதில் மென்பொருள் துறைக்கு மாற நினைப்பதாகவும், நண்பர்கள் ஆளுக்கொரு நிரல்மொழியைச் சொல்வதால் குழம்பிப்போயிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பைதனில் தொடங்குங்கள்; கூடவே, தரவுத்தளங்களிலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல். படியுங்கள்.

கொழும்பு நிறுவனங்களின் விளம்பரங்களில் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அடிக்கடி தென்படுவது உண்மைதான். ஆனால் அந்தத் தொடக்கநிலை வேலைகளுக்கு உங்களோடு போட்டியிடப் போகிறவர்கள், பல்கலைக்கழகத்தில் கணினி படித்து, பயிற்சிக் காலத்தையும் முடித்துவிட்டு வரும் இளம் பட்டதாரிகள். வங்கிக் கூற்றையும் காசேட்டையும் பக்கத்தில் வைத்து, விடுபட்ட காசோலையைத் தேடியெடுக்கும் பழக்கம் அவர்களுக்கு இராது, உங்களுக்கு உண்டு. தரவுப் பகுப்பாய்வுப் பணிகளில் அதற்கு மதிப்பிருக்கிறது, அங்கே பைதனும் எஸ்.கியூ.எல்லுமே அன்றாடக் கருவிகள்.

ஆகவே இவ்விரண்டையும் ஒப்பிட்டுத் தயாரிக்கும் வங்கி இணக்கக்கூற்றையே முதற்பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கூற்று, காசேடு ஆகிய இரண்டு எக்செல் கோப்புகளையும் வாசித்து, காசோலை இலக்கப்படி பொருத்தி, வங்கிக்கு இன்னும் சமர்ப்பிக்கப்படாதவற்றை மட்டும் தனியே தரும் நிரலொன்றை எழுதுங்கள். 03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்ற சிக்கல் முதலில் வரும். அடுத்தது சதக்கணக்கு. பைதனில் 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். கணினி பின்னங்களை இரும எண்களாகச் சேமிக்கும்போது 0.1 போன்றவை துல்லியமாக அடங்காததே காரணம், ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கதைதான். 18 வீத வற் வரியைக் கணக்கிடும்போது இது இடறாதிருக்க, பைதனிலுள்ள டெசிமல் என்ற தொகுதியைப் பயன்படுத்த வேண்டும். இதைக் கவனியாமல் விடும் நிரலாளர்கள் உண்டு. ஒரு சதம் பிசகினாலும் நித்திரை வராத கணக்கு இலிகிதர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்.

இலட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் பாடநெறிகளில் இப்போதே சேர வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாக வழங்கும் பைதன் தொடக்கப் பாடநெறி முதற்கட்டத்துக்குப் போதும். பட்டம் தேவையென்று பின்னர் தோன்றினால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்தைப் பற்றிப் பேசுவோம். அதுவரை வேலையை விடாதீர்கள்.

நிரலை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். வாடிக்கையாளர் பெயர்களையும் கணக்கிலக்கங்களையும் மட்டும் முன்னதாகவே நீக்கிவிடுங்கள். அவை உங்கள் முதலாளியின் தரவு.